சிலிகோன் அச்சில் வாடையும் பிசுக்கும்

கேள்வி: புது சிலிகோன் கேக் அச்சு சூடானதும் ரப்பர் வாடை அடிக்கிறது. நாலைந்து முறை பயன்படுத்தியதும் உள்பக்கம் பிசுபிசுக்கிறது. உருகி உணவில் கலக்கிறதா?

பதில்: உருகவில்லை. வாடைக்கும் பிசுக்கும் காரணங்கள் வேறு.

சிலிக்கான் அணுவும் ஆக்ஸிஜன் அணுவும் மாறி மாறிக் கோத்த நீளச் சங்கிலிதான் சிலிகோன். தயாரிப்பின்போது சங்கிலியில் சேராமல் தங்கிவிடும் சிறு வளைய மூலக்கூறுகள் சூட்டில் ஆவியாகும், கொழுப்பிலும் கரையும். நல்ல தயாரிப்பாளர்கள் அச்சுகளை 200 டிகிரி செல்சியஸில் சுமார் 4 மணி நேரம் வைத்து இவற்றை வெளியேற்றிய பிறகே விற்பார்கள். உங்கள் அச்சில் அந்த வேலை அரைகுறையாக நடந்திருக்கலாம். கழுவித் துடைத்து, வெறும் அச்சை ஓவனில் ஒரு மணி நேரம் வையுங்கள். அச்சில் குறித்துள்ள உச்ச வெப்பத்தைவிட 20 டிகிரி குறைவாக இருக்கட்டும். ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். அதன் பிறகும் வாடை போகவில்லையா? சமையலுக்கு அது வேண்டவே வேண்டாம்.

பிசுக்கு என்பது சூட்டில் கெட்டியாகிப் படிந்த எண்ணெய். சமையல் சோடாவை நீரில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்து மென்மையான பஞ்சால் தேயுங்கள். கம்பி நார் போட்டால் கீறல் விழும், கீறலில் எண்ணெய் இன்னும் இறுகப் பிடிக்கும். லெசிதின் (எண்ணெயையும் நீரையும் கலக்கவைக்கும் பொருள்) கலந்த எண்ணெய் ஸ்பிரேயையும் தவிருங்கள். பிசுக்கு அதிலிருந்து வருவதே அதிகம்.

முறுக்கிப் பார்த்து வெளுக்காவிட்டால் தரமானது என்று பலர் சொல்வதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். உள்ளே தங்கிய வளைய மூலக்கூறுகளைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்லாது.

கேள்வி: ஷாம்பூவில் டைமெத்திகோன் இருந்தால் ஆபத்தா?

பதில்: இல்லை. டைமெத்திகோனும் ஒரு சிலிகோன்தான். அதன் மூலக்கூறு பெரியது, தோலுக்குள் புகாது. முடியில் படிந்து கனத்தால், சிலிகோன் இல்லாத ஷாம்பூவால் ஓரிரு முறை அலசுங்கள். கவனிக்க வேண்டியவை டி4, டி5 என்னும் வளைய சிலோக்சேன்கள், அதாவது அச்சைப் பற்றிச் சொன்னதுபோன்ற சிறு வளைய மூலக்கூறுகள். லேபிளில் டி5 சைக்ளோபென்டாசிலோக்சேன் என்று இருக்கும். இவை நீர்நிலைகளில் எளிதில் சிதையாமல் தங்குவதால், கழுவிவிடும் அழகுப் பொருட்களில் ஒவ்வொன்றும் 0.1 சதவீதத்தை எட்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி 31 முதல் தடை விதித்திருக்கிறது.

கேள்வி: குளியலறை இடுக்குகளை அடைக்கும் சிலிகோன் சீலன்ட் ஏன் வினிகர் போல் நெடியடிக்கிறது?

பதில்: காற்றின் ஈரத்தில் இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. அது செம்பை அரிக்கும், சலவைக்கல்லைக் கறைப்படுத்தும். அந்த இடங்களுக்கு இந்த அமிலத்தை வெளிவிடாத நியூட்ரல் வகை வாங்குங்கள். எதுவானாலும் நாளுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். மேலே தோல் கட்டியதை நம்பித் தண்ணீர் விட்டால் உள்ளே பிடிமானம் விட்டுவிடும்.