குளிர் அறையின் வெப்பநிலை ப்ரோப் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய மீன் குளிர் அறையில் ப்ரோப் ஒயரை எலி கடித்துவிட்டது, ஒயரில் எழுத்து எதுவும் இல்லை, கடையில் என்டிசியா (சூடு ஏற ஏற மின்தடை, அதாவது ஓம், குறையும் வகை) பிடிசியா (சூடு ஏற ஏற ஓம் கூடும் வகை) என்று கேட்கிறார்கள், என்ன சொல்வது என்பது உங்கள் கேள்வி. காசிமேடு, ராயபுரம் பக்கம் குளிர்பதன வேலை பார்க்கிறவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முனையின் வடிவத்தையோ ஒயரின் நிறத்தையோ பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஒரே அளவு ஸ்டீல் குழாய்க்குள் எல்லா வகையும் வருகின்றன. எலி கடித்த இடத்துக்கு அப்பால் முனையோடு சேர்ந்த துண்டு நன்றாக இருந்தால், அதன் இரண்டு ஒயர்களின் வெட்டுப்பட்ட நுனிகளையும் சீவி, கன்ட்ரோலரோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், மல்ட்டிமீட்டரை ஓமில் வைத்து அளக்கலாம்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அட்டவணைகளில் 25 டிகிரிக்கான மதிப்பைத்தான் முதலில் எழுதியிருப்பார்கள்; நம் ஊர்ப் பட்டறையில் அந்த வெப்பநிலை மார்கழியில் வந்தால் உண்டு. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டுவதால் 10 கிலோ ஓம் என்டிசி எனப்படுவது, 33 டிகிரி அறையில் ஏறத்தாழ 7.4 கிலோ ஓம்தான் காட்டும். அதைக் கெட்டுப்போனது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. உள்ளங்கையில் பொத்திப் பிடித்து மதிப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கும் வழக்கமும் சித்திரை வெயிலில் பயன்படாது, ஏனென்றால் அறையும் கையும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும்.

ஆகவே ஐஸில் அளப்பதே சரி. பொடித்த ஐஸை டம்ளர் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, முனை பக்கத்திலும் அடியிலும் படாமல் நடுவில் நிற்கும்படி வைத்துக் கலக்கிக்கொண்டே இருங்கள். எண் நிலைத்து நிற்கும்போது அது 0 டிகிரிக்கான மதிப்பு. துறைமுகத்து ஐஸ் பாரை உடைத்துப் போடுவதாக இருந்தால் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுப் போடுங்கள், ஏனென்றால் அந்த அச்சுகள் உப்புக் கரைசல் தொட்டியில் நிற்பவை, மீன் கூடையில் கிடந்த ஐஸிலும் உப்பு ஏறியிருக்கும், உப்புப் பட்ட ஐஸ் 0 டிகிரிக்குக் கீழே போய்விடும்.

அந்த ஐஸில் 27 கிலோ ஓம் அளவில் நின்றால், குளிர்பதன கன்ட்ரோலர்களில் மிகப் பரவலாக வரும் 10 கிலோ ஓம் என்டிசி. 16 கிலோ ஓம் அளவில் நின்றால் 5 கிலோ ஓம் என்டிசி. 800 ஓம் பக்கம் நின்றால் 25 டிகிரியில் 990 அல்லது 1000 ஓம் காட்டும் பிடிசி. சரியாக 1000 ஓம் என்றால் பிளாட்டினம் சென்சாரான பிடி1000, 100 ஓம் என்றால் அதே பிளாட்டினத்தில் பிடி100. பிடிசியும் பிடி1000-உம் வெயில் நேரத்து அறையில் முறையே 1050, 1130 ஓம் என்று அருகருகே நின்று ஏமாற்றும். ஐஸில் 200 ஓம் விலகிவிடும் என்பதால் சந்தேகம் எழாது. பிடி100-இல் ஒரு டிகிரிக்கு 0.385 ஓம்தான் மாறும் என்பதால் நீளமான ஒயரின் ஓமே இரண்டு மூன்று டிகிரியைத் தின்றுவிடும். அதைச் சரிக்கட்டத்தான் பெரும்பாலும் மூன்றாவது ஒயர் கொடுக்கிறார்கள்.

சில ஓம் மட்டுமே காட்டினால் அது தெர்மோகப்பிளாக, அதாவது இரு வேறு உலோக ஒயர்களை முனையில் இணைத்து சூட்டுக்கேற்ப சிறு வோல்ட்டேஜ் தரும் வகையாக இருக்கலாம். மில்லிவோல்ட்டில் வைத்து, முனையை ஐஸிலும் மீட்டரை அறையிலும் விட்டால், கே வகையில் 1.3 மில்லிவோல்ட் அளவுக்கு வரும். அதன் ஒயர்களில் ஒன்று காந்தத்தில் ஒட்டும். ஒயரே இல்லாமல் மெல்லிய செம்புக் குழாய் போனால் அது வாயு அடைத்த தெர்மோஸ்டாட், அதை வெட்டாதீர்கள்.

கடைக்குப் போகும்போது "10 கே என்டிசி" என்று மட்டும் கேட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் பீட்டா (சூடு மாறும்போது ஓம் எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்லும் எண்) 3950 உள்ளதையும் எடுத்துக் கொடுப்பார்கள். குளிர்பதன கன்ட்ரோலர் பலவும் எதிர்பார்ப்பது 3435. இரண்டும் 25 டிகிரியில் ஒன்றே. ஆனால் 0 டிகிரியில் 3950 வகை 33 கிலோ ஓம் அளவுக்குப் போவதால், அறை உண்மையில் 0-இல் இருக்கும்போதே கன்ட்ரோலர் மைனஸ் 4, 5 என்று காட்டி கம்ப்ரஸரை நிறுத்திவிடும், மீன் கெடும். எனவே பீட்டா எண்ணைச் சொல்லி வாங்குங்கள், கன்ட்ரோலரின் செட்டிங்கில் என்டிசி, பிடிசி தேர்வு இருந்தால் அதையும் பாருங்கள், புதிய ப்ரோப்பைப் பொருத்தியதும் முனையை அதே ஐஸ் டம்ளரில் விட்டு டிஸ்ப்ளேயில் 0 வருகிறதா என்று பார்த்த பிறகு அறைக்குள் மாட்டுங்கள்.