கறிவேப்பிலையை எப்ப உள்ளுக்கு எடுக்கிறது? கேள்வி பதில்

ரொறன்ரோவில இரவுக் குளிர் 12 பாகைக்கு வந்திட்டுது. போன கிழமையில இருந்து எல்லாரும் கேள்வி அனுப்பிக்கொண்டே இருக்கிறீங்கள். எல்லாத்துக்கும் இண்டைக்கே சேர்த்து எழுதுறன். ஸ்காபரோவில என்ர கறிவேப்பிலைக்கு இது பத்தொன்பதாவது குளிர். அதுக்கு முதல் மூண்டு கண்டைச் சாக்காட்டினனான், அதாலதான் இந்த வாய்.

அன்ரி, ஒக்ரோபர் நடுவில கறிவேப்பிலையை உள்ளுக்கு எடுத்தால் காணுமோ?

காணாது. உறைபனி கொட்டும்வரை பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ. இரவு 10 பாகைக்குக் கீழ இறங்க முதல் எடுக்கோணும், அதாவது செப்ரெம்பர் நடுவில. குளிர் மட்டுமில்லைக் காரணம். வீட்டில ஹீற்றிங் போட முதல், யன்னல் திறந்து கிடக்கிற நாளில எடுத்தால் உள்காத்தும் வெளிக்காத்தும் ஒண்டுதான், கண்டுக்கு வித்தியாசம் தெரியாது. ஹீற்றிங் போட்ட பிறகு கொண்டுவந்தால், ஈரமில்லாத சூட்டுக்காத்தில ஒரு கிழமைக்குள்ள இலை முழுக்கக் கொட்டும்.

எடுக்க முதல் ஒரு கிழமை சாடியை நிழலில வையுங்கோ. பிறகு மண்ணை ஒரு பிளாஸ்ரிக் பையால கட்டி, சாடியைச் சரிச்சு, இலையின்ர அடிப்பக்கத்தைத் தண்ணியடிச்சுக் கழுவுங்கோ. காம்பு தண்டோட சேருற இடத்தைக் கண்ணாடி போட்டுப் பாருங்கோ. மண்ணிறத்தில சின்னக் கொப்புளம் மாதிரி இருந்து, நகத்தால சுரண்ட கழண்டு வந்தால் அது செதில்பூச்சி. செடிக்கெண்டு விக்கிற பூச்சிகொல்லிச் சவர்க்காரம் அடியுங்கோ. முட்டை சாகாது, அதால கிழமைக்கு ஒருக்கா மூண்டு தரம் அடிக்கோணும். கோப்பை கழுவுற சோப் வேண்டாம், இலை கருகும். உள்ளுக்கு வந்த பிறகும் ரெண்டு கிழமை மற்றக் கண்டுகளோட சேர்க்காதேங்கோ.

தெற்கு யன்னலடி நல்ல இடம். ஆனால் இஞ்ச கன வீடுகளில சூட்டுக்காத்து வாற துவாரம் சரியா அந்த யன்னலுக்குக் கீழதான் இருக்கும். அதை மூடுங்கோ, இல்லாட்டிக் காத்தை மற்றப் பக்கம் திருப்புங்கோ. இலை கண்ணாடியிலயும் முட்டக்கூடாது.

தண்ணிக்கு ஒரே விதிதான்: விரலை ரெண்டாவது கணு மட்டும் மண்ணுக்குள்ள விடுங்கோ. ஈரம் பட்டால் ஊத்தாதேங்கோ. இஞ்ச குளிரால சாகிற கறிவேப்பிலையை விட தண்ணியால சாகிறதுதான் கூட.

உள்ளுக்கு எடுத்து ரெண்டு கிழமை. இலை மஞ்சளாகிக் கொட்டுது. செத்துப்போச்சோ?

தண்டை நகத்தால கீறுங்கோ. உள்ளுக்குப் பச்சை தெரிஞ்சால் உயிர் இருக்கு. டிசம்பரில இஞ்ச பகல் ஒம்பது மணித்தியாலம்தான். யாழ்ப்பாணத்தில அதே மாதம் பதினொண்டரை. அந்த வெளிச்சத்துக்குப் பழகின மரம் நித்திரை கொள்ளப் பாக்குது, விடுங்கோ. நித்திரை வேண்டாம், சமையலுக்கு இலை வேணுமெண்டால் எல்ஈடி விளக்கைக் கண்டுக்கு மேல ஒரு அடி உயரத்தில கட்டி, ரைமர் போட்டு 12, 14 மணித்தியாலம் எரியவிடுங்கோ.

குண்டுமல்லிகை?

மூண்டில ஒரு பங்கு கத்தரிச்சு, நல்ல வெளிச்சத்தில வையுங்கோ. மார்ச் மட்டும் பூவைக் கேட்காதேங்கோ.

வாழை கூரை மட்டும் வளர்ந்திட்டுது. எப்பிடி உள்ளுக்கு எடுக்கிறது?

எடுக்கேலாது. இலையைத் தறிச்சு, கிழங்கோட கிண்டி, மண்ணை உதறி, பேஸ்மென்ரில குளிரான இருட்டு மூலையில வையுங்கோ. தண்ணி வேண்டாம்.

இலை கொட்டுது, தண்ணியைக் கூட்டவோ?

விரல்.

எங்கட அம்மா கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோர்தான் விடுவா. நான் உள்ளுக்கு இருக்கிற சாடிக்கு கிழமைக்கு ஒருக்கா விடுறன். நல்லதுதானே?

இல்லை. மணக்குமே!

அன்ரி, நாப்பது வருஷம் எங்கட முத்தத்தில நிண்ட மரம். மோர் பிழையெண்டு சொல்லாதேங்கோ.

அம்மா செய்தது பிழையெண்டு நான் சொல்லேல்லை, தம்பி. யாழ்ப்பாணத்து மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக்கல். கிணத்துத் தண்ணியிலயும் சுண்ணாம்பு. அந்த மண்ணில இரும்பு இருந்தாலும் கறிவேப்பிலை வேரால இழுக்கேலாது. புளிப்பு விழுந்தால் வேரடியில கொஞ்ச நேரத்துக்கு அந்தப் பூட்டுக் கழரும். மோரில இருக்கிற பால்சத்தும் உக்கி உரமாகும். முத்தத்தில வெயில் இருக்கு, மண்புழு இருக்கு, ரெண்டு நாளில எல்லாம் செரிச்சுப்போகும்.

உங்கட சாடி 20 பாகை அறையில, அரை நித்திரையில இருக்கு. அந்த மோர் செரியாது, மேல் மண்ணில பூஞ்சணம் பிடிச்சு நிக்கும். சின்னக் கறுப்புக் கொசு வந்து அதுக்கை முட்டையிடும். இப்ப வீட்டில பறக்குதோ இல்லையோ?

பறக்குது. அது பழத்தால எண்டு நினைச்சன்.

பழக்கொசு பழத்தடியில பறக்கும், இது சாடியடியில பறக்கும். மேல் ஒரு அங்குலம் மண்ணைக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டு அட்டை குத்திவையுங்கோ.

இடையில வாறதுக்கு மன்னியுங்கோ. நானும் மோர்தான் விடுறன், எனக்கு இலை நல்ல பச்சை.

எங்க வைச்சிருக்கிறீங்கள்?

வெளியில, டெக்கில. கோடையில.

அதைத்தானே நான் சொல்லிக்கொண்டு இருக்கிறன்! இன்னொண்டு. ரொறன்ரோ குழாய்த்தண்ணியும் ஒன்ராறியோ ஏரித் தண்ணிதான், அதிலயும் சுண்ணாம்பு இருக்கு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிண்டால் அது இரும்புக் குறை. அதுக்குச் சுண்ணாம்பு இருந்தாலும் வேர் இழுக்கக்கூடிய இரும்பு இருக்கு, கீலேற் இரும்பு எண்டு கேட்டு வாங்கி, வசந்தத்தில துளிர்க்கேக்க குடுங்கோ. பழைய இலை முழுசா மஞ்சளாகி விழுந்தால் அது வேற கதை, அதுக்கு மோரும் வேண்டாம் இரும்பும் வேண்டாம்.

முருங்கை?

ஒரு அடிக்குத் தறியுங்கோ. மாதத்துக்கு ஒரு கிளாஸ் தண்ணி. அழுகினால் அடுத்த வருஷம் விதை போடுங்கோ, விதையில சுகமா வரும்.

ஊருக்குப் போறன். வரேக்க நல்ல சாதிக் கறிவேப்பிலைக் கண்டு ஒண்டு கொண்டு வரலாமோ?

வேண்டாம். மண்ணோட கண்டு கொண்டுவரத் தடை. விமான நிலையத்தில பறிப்பினம். கறிவேப்பிலையும் தேசி, தோடைக் குடும்பம்தான். தோடந்தோட்டங்களை அழிக்கிற நோயைக் காவுற பூச்சி கறிவேப்பிலையிலயும் வளரும். அம்மம்மா வீட்டுக் கண்டுதான் எண்டு சொன்னாலும் விடமாட்டினம்.

மணி பிளான்ற் இலை பழுக்குது.

அதுக்கு என்னைக் கேட்காதேங்கோ. சமையலுக்கும் பூசைக்கும் உதவுறதைத்தான் நான் வளர்க்கிறன்.

அன்ரி, என்ர கறிவேப்பிலை இலை கொட்டுது, பெரிய சாடிக்கு மாத்தவோ?

மேல வாசிச்சனீங்களோ? இப்ப மாத்தாதேங்கோ. வேர் வேலை செய்யாத நேரம் பெரிய சாடி எண்டால் ஈரம் தேங்கும், வேர் அழுகும். ஏப்ரலில மாத்துங்கோ. விரலை வையுங்கோ.

மோர்த் தம்பிதான் திரும்ப. தண்ணியில நல்லாக் கலக்கி, கொஞ்சமா விட்டால்?

மே மாதம் விக்ரோறியா டே கழியட்டும். சாடியை வெளியில எடுத்து, ஒரு கிழமை நிழலில வைச்சு, பிறகு வெயிலுக்கு நகர்த்துங்கோ. அதுக்குப் பிறகு குடம் குடமா விடுங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன்.