பண்டிகை நாளின் மேற்பார்வையாளர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 47 வயது. வங்கியில் பணியாற்றுகிறேன். ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறோம். குறை என்று சொல்ல எதுவும் இல்லாத குடும்பம்தான். ஆனால் பண்டிகை விடுமுறை நெருங்கினாலே மனம் கனத்துவிடுகிறது. இந்தத் தீபாவளிக்கு அதிரசம், முறுக்கு, ரவா லட்டு மூன்றையும் வீட்டிலேயே செய்தேன். அவரவருக்குப் பிடித்தபடி துணி எடுத்தேன். மாமியாரும் நாத்தனார் குடும்பமும் வந்திருந்தார்கள். நாள் முழுவதும் சிரித்த முகமாகத்தான் வளைய வந்தேன்; உள்ளே மட்டும் ஒன்றுமே இல்லை. மறுநாள் விடியற்காலையில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது காபியை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். தெரு முழுக்கச் சிவப்பு வெடிக் காகிதம். பத்து நிமிடம்தான் இருக்கும், அப்படி ஒரு நிம்மதி. விடுமுறை முடிந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போகும் பேருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தபோதும் அதே நிம்மதி. வீட்டை விட்டு அலுவலகம் போவதில் மகிழ்கிறவள் என்றால் கோளாறு என்னிடம்தானே? பண்டிகையிலும் அன்றாடத்திலும் மகிழ்ச்சியாக இருக்க நான் பழகிக்கொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

ஒரு வாசகி (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

கோளாறு உங்களிடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு மகிழ்ச்சியே வருவதில்லை என்றால் கவலைப்படலாம். உங்களுக்கோ அது வந்திருக்கிறது, வந்த இடத்தையும் நேரத்தையும் நீங்களே துல்லியமாக எழுதியும் இருக்கிறீர்கள். ஒன்று வாசற்படி, மற்றொன்று பாலம். இந்த இரண்டு இடங்களிலும் யாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுப்பு உங்களுக்கு இல்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை.

தீபாவளி அன்று உங்கள் கண்கள் என்ன செய்துகொண்டிருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. மாமியாருக்குப் புடவை உண்மையிலேயே பிடித்ததா, வாய்க்குச் சொல்கிறாரா; நாத்தனார் பிள்ளைகளுக்கு மத்தாப்பு போதுமா; பெரியவன் ஏன் கைபேசியும் கையுமாக மூலையில் உட்கார்ந்திருக்கிறான்; இரண்டாவது பந்திக்கு வடை இருக்குமா. ஒரு வீட்டின் அத்தனை பேருடைய மகிழ்ச்சிக்கும் ஒருவர் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டிருக்கிறார். கல்யாண மண்டபத்தில் பந்தி விசாரிப்பவர் சாப்பாட்டின் ருசியை அறிவதில்லை. எல்லா இலையும் நிறைந்திருக்கிறதா என்பதுதான் அவருக்குத் தெரியும்.

இதையொட்டி 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. உளவியலாளர் ஜொனாதன் ஸ்கூலரும் பொருளியல் துறையைச் சார்ந்த இருவரும் சேர்ந்து செய்தது. ஸ்திராவின்ஸ்கியின் இசைத்துண்டு ஒன்றைச் சிலரிடம் கொடுத்து வெறுமனே கேட்கச் சொன்னார்கள். வேறு சிலரிடம், கேட்கும்போது மகிழ்ச்சியாக இருக்க முயலுங்கள் என்றார்கள். இன்னும் சிலரிடம், எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்பதை அவ்வப்போது குறித்துக்கொண்டே கேளுங்கள் என்றார்கள். சும்மா கேட்டவர்களைவிட முயன்றவர்களும் குறித்துக்கொண்டவர்களும் குறைவாகவே மகிழ்ந்தார்கள். அதே ஆய்வாளர்கள் 1999 டிசம்பர் 31 இரவைக் கொண்டாடியவர்களிடமும் விசாரித்தார்கள். ஆயிரமாண்டே மாறப்போகிறது என்று உலகம் ஆர்ப்பரித்த இரவு அது. பெரிதாக எதிர்பார்த்துப் பெரிதாக ஏற்பாடு செய்தவர்களே அதிகம் ஏமாந்திருந்தார்கள். தன் மகிழ்ச்சி ஒன்றை அளந்தாலே அது சுருங்கிவிடும் என்றால், எட்டுப் பேருடைய மகிழ்ச்சியை விடிகாலை எண்ணெய்க் குளியலிலிருந்து இரவு சாப்பாடுவரை அளந்துகொண்டிருந்த உங்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தலைமுறை ஆண்கள் ‘அந்தக் காலத்துத் தீபாவளி’ என்று உருகி எழுதுவது வழக்கம், நானும் எழுதியிருக்கிறேன். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் அதிரச மாவு புளிக்கும் மணமும், பொரித்த அதிரசத்தை இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து அழுத்தும்போது எண்ணெய் சொட்டும் ஓசையும் இன்றும் எனக்கு நினைவிருக்கின்றன. ஆனால் அந்தக் கரண்டிகள் யார் கையில் இருந்தன என்பதை நான் நெடுங்காலம் யோசித்ததில்லை. அம்மா பாகுக் கரண்டியைப் பிடித்தபடியே அடுப்பின் முன்னால் தலை சாய்ந்து உறங்கிவிழுந்ததை ஓர் இரவு பார்த்திருக்கிறேன். அதையும் அழகான காட்சியாகவே நினைவில் வைத்திருந்தேன். அவருக்கு எண்பது வயது கடந்த பிறகு ஒருநாள், தீபாவளியில் உனக்கு எந்த வேளை ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டேன். “மறுநாள் மத்தியானம்” என்றார், சற்றும் யோசிக்காமல். “நீங்க எல்லாரும் தின்ன மயக்கத்துல தூங்குவீங்க. நான் திண்ணையில தூணோரமா சாஞ்சுண்டு வெத்தலை போடுவேன். யாரும் கூப்பிட மாட்டா.” உங்கள் வாசற்படியைப் படித்தபோது எனக்கு அந்தத் தூண்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே இது உங்கள் தனிப்பட்ட மனக்குறை அல்ல. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் இந்தியப் பெண் அதற்காக ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார். வீட்டுவேலை செய்யும் ஆண் 97 நிமிடம். செய்கிற ஆண்களே ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். இது சாதாரண நாட்களின் கணக்கு. பண்டிகை வாரத்தில் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மனதுக்குள் ஓடுகிற பட்டியல் எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியல்தான் உண்மையான திருட்டு என்று நான் கருதுகிறேன். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, விடுமுறைப் பயணம் போகிறவர்களின் கூடுதல் மகிழ்ச்சி முக்கியமாகப் புறப்படுவதற்கு முன்புதான் இருக்கிறது என்று கண்டது. திரும்பிவந்த பின், மிக நிதானமாக ஓய்வெடுத்தவர்களைத் தவிர, மற்றவர்களுக்கும் வீட்டிலேயே இருந்தவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. நம் பிள்ளைகளும் இதை அறிவார்கள். துணி எடுத்த நாளிலிருந்து அதை நூறு முறை பிரித்துப் பார்ப்பதில்தான் அவர்களுடைய தீபாவளி பாதி இருக்கிறது. மற்றவர்களுக்கு எதிர்பார்ப்பாக வரும் அந்த இரண்டு வாரமும் உங்களுக்கு மளிகைச் சீட்டாகவும் தையற்கடை நடையாகவும் வருகிறது.

அதற்காகப் பண்டிகையைக் கைவிடச் சொல்ல மாட்டேன். பலகாரத்தைக் கடையில் வாங்கிவிடுங்கள் என்பதும் பாதித் தீர்வுதான், ஏனென்றால் எந்தக் கடை, எத்தனை கிலோ, யாருக்கு நெய் ஆகாது என்ற யோசனை அப்போதும் உங்கள் தலையிலேயே இருக்கும். கணவர்மார் அன்போடு கேட்கும் “ஏதாவது ஹெல்ப் பண்ணட்டுமா?” என்ற கேள்வியிலும் இதே சிக்கல் உண்டு. அவர் ஒரு வேலையைச் செய்வார், மேற்பார்வை உங்களுடையது. பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு வேளைச் சாப்பாட்டையோ ஒரு பலகாரத்தையோ, வாங்குவது முதல் பாத்திரம் கழுவுவது வரை, முழுவதுமாக அவரிடமும் பிள்ளைகளிடமும் ஒப்படைத்துவிடுங்கள். மாமியாருக்கு அது பிடித்ததா என்று அவர்களே விசாரிக்கட்டும்.

அன்றாட வாழ்வுக்கென்று தனியாக ஒரு பயிற்சியும் எனக்குத் தெரியவில்லை. பாலத்தில் உங்களுக்கு அது தானாகவே வாய்த்திருக்கிறது. அதை ஒரு தவறாக எண்ணி மனதுக்குள் குறிப்பெடுக்காமல், மலைக்கோட்டை தெரிகிற பக்கமாக ஜன்னலோரம் இடம் கிடைத்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

ஒப்படைப்பது அதிரசமாக இருந்தால் ஒரு செய்தி. பாகு முற்றினால் கல்லாகிவிடும். பதம் போதாவிட்டால் எண்ணெயில் பிரிந்துபோகும். முதல் ஈடு பெரும்பாலும் பிரிந்துதான் போகும், “இங்கே கொஞ்சம் வாயேன்” என்று உள்ளிருந்து குரலும் வரும். படியை விட்டு எழுந்து போகாதீர்கள்.