தாழ்த்திய முன்னச்சும் முட்டும் ஸ்டியரிங்கும்: வாகன வாசகர் கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை வாசகர்): 1948ஆம் ஆண்டு ஃபோர்ட் பிரிஃபெக்ட் ஒன்றை ஹொட் ரொட்டாக (தாழ்த்தி, எஞ்சின் மாற்றிய பழைய காராக) மாற்றி வருகிறேன். தாழ்வளைவுள்ள முன்னச்சு, ஜப்பானிய நான்கு சிலிண்டர் எஞ்சின், ஒரு பிக்கப்பின் ஸ்டியரிங் பொக்ஸ் ஆகியவற்றைப் பூட்டியுள்ளேன். குறுக்கு வில்லையும், அச்சைச் செஸியோடு பிணைக்கும் ரேடியஸ் ரொட்களையும் மாற்றவில்லை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால், முன்சில்லுகள் இரண்டையும் இணைக்கும் டை ரொட் ரேடியஸ் ரொட்டில் முட்டுகிறது. குழியில் விழுந்தால் பொக்ஸிலிருந்து இடது சில்லுக்குச் செல்லும் ட்ராக் லிங்க் தண்டு, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பில் இடிக்கிறது. மேடு பள்ளத்தில் வாகனம் தானாக ஒரு பக்கம் வெட்டுகிறது. ட்ராக் லிங்கைச் சூடாக்கி வளைத்தால் போதும் என்று கராஜில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். தள்ளலையும் இழுவையையும் நேர்கோட்டில் தாங்க வேண்டிய தண்டு வளைந்திருந்தால், ஒவ்வொரு தடவை ஒடிக்கும்போதும் அது சிறிது நெளிந்து கொடுக்கும். சூடேற்றிய உருக்கு முன்னைய வலிமையோடு இருக்குமென்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. ஸ்டியரிங் பாகங்களில் தீயும் வெல்டிங் ஒட்டும் படக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நீங்கள் கூறிய மூன்று குறைகளுள் கடைசியாகக் கூறியதையே முதலில் தீர்க்க வேண்டும். வாகனம் தானாக வெட்டுவதைத் தீர்ப்பதற்கு ட்ராக் லிங்கின் இடமும் சாய்வும் மாறியே ஆக வேண்டும். அது மாறினால் சம்பில் இடிக்கும் இடமும் மாறிவிடும். இப்போதுள்ள இடத்தில் சம்பை வெட்டினால், பிறகு இன்னொரு முறையும் வெட்ட நேரிடும்.

உங்கள் குறுக்கு வில் இரு முனைகளிலும் ஷக்கிள் எனும் ஆடும் இணைப்புகளில் தொங்குகிறது. ஆகவே முன்னச்சு மேலும் கீழும் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் அசையக்கூடியது. ஸ்டியரிங் பொக்ஸ் செஸியில் அசையாமல் நிற்க, அச்சு பக்கவாட்டில் நகர்ந்தால், நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடாமலே சில்லு திரும்பிவிடும். இதற்கான தீர்வு, அச்சைப் பக்கவாட்டில் நகரவிடாமல் பிடிக்கும் பன்ஹார்ட் ரொட் என்ற குறுக்குத் தண்டு ஆகும். நம் நாட்டு வலப்பக்க ஸ்டியரிங்கில் அதன் ஒரு முனை பொக்ஸ் இருக்கும் வலப்புறம் செஸியிலும், மறுமுனை இடப்புறம் அச்சிலும் பூட்டப்பட வேண்டும். அது ட்ராக் லிங்கிற்கு இணையாகவும், இயன்றவரை அதே நீளமாகவும் இருந்தால், அச்சு ஏறி இறங்கும்போது இரண்டும் ஒரே வில்வட்டத்தில் நகரும், சில்லு திரும்பாது. வெளிநாட்டு ஹொட் ரொட் நூல்களிலுள்ள படங்கள் பெரும்பாலும் இடப்பக்க ஸ்டியரிங்கிற்கானவை என்பதால், அவற்றைப் பார்த்துப் பூட்டுபவர்கள் பக்கத்தை மாற்ற மறக்கக்கூடாது. வாகனம் தன் எடையில் நிற்கும் உயரத்தில் ட்ராக் லிங்க் தரைக்கு ஏறக்குறைய இணையாக இருப்பதே நல்லது. உங்கள் பொக்ஸ் உயரத்தில் இருப்பதால் லிங்க் சரிந்திருக்கக்கூடும். அவ்வாறாயின் பொக்ஸின் தாங்கியைக் கீழிறக்குங்கள், அல்லது வேறு நீளமுள்ள பிட்மன் ஆமை (பொக்ஸிலிருந்து ட்ராக் லிங்கை அசைக்கும் கையை) தேடுங்கள். நீளம் மாறினால் ஒடிக்கும் வேகமும் மாறும் என்பதைக் கவனத்திற் கொள்க.

எதையும் நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன் சோதனை அவசியம். செஸியை ஓடும் உயரத்தில் தாங்கிகளில் நிறுத்தி, வில்லைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் வளையத்தை நேராகக் கட்டி வையுங்கள். பின்னர் ஜக்கினால் அச்சைச் சிறிது சிறிதாக உயர்த்தியும் தாழ்த்தியும், சில்லின் முன்விளிம்பும் பின்விளிம்பும் செஸியின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று ஒவ்வொரு நிலையிலும் அளந்து குறியுங்கள். இரு சில்லுகளுக்கு இடையிலான டோ-இன்னை (முன்விளிம்புகள் உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவை) மட்டும் அளப்பதால் பயனில்லை. முழு அச்சில் டை ரொட் இரண்டையும் சேர்த்தே திருப்புவதால் அந்த அளவு மாறாது, கோளாறும் தெரியாது. அடுத்து ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தி, முழுதாக ஒடித்தும் பாருங்கள். முட்டல்கள் பல அந்த நிலையில்தான் வெளிப்படும்.

அதன் பிறகும் சம்ப் இடித்தால் எஞ்சினைச் சற்று உயர்த்துவதோ பின்னே நகர்த்துவதோ முதல் வழி. சம்பையே மாற்றியமைப்பதாயின், ஆழத்தில் குறைந்த கொள்ளளவை அகலத்தில் ஈடுசெய்து, எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் புதிய அடித்தளத்திற்கு ஏற்ப அமைக்க வேண்டும். எஞ்சின் இறப்பர் தாங்கிகளில் ஆடுவது என்பதால், நின்ற நிலையில் விரலளவு இடைவெளி தெரிவதை நம்பாதீர்கள். உலோகம் உலோகத்தைத் தொடுவதற்கு முன்பே இறப்பர் பம்ப் ஸ்டொப் அச்சை நிறுத்த வேண்டும். அந்நிலையிலும் சுமார் 12 மில்லிமீற்றராவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

டை ரொட் முட்டுவதற்கு, அதை அச்சின் முன்புறம் கொண்டுவரும்படி சிலர் யோசனை சொல்வார்கள். ஸ்டியரிங் ஆம்களை அப்படியே முன்னோக்கித் திருப்பினால் வளைவில் உள்சில்லை வெளிச்சில்லை விட அதிகம் திருப்பும் அக்கர்மன் கோணம் தலைகீழாகி, வளைவுகளில் டயர்கள் உரசித் தேயும். சரியாகச் செய்வதாயின் டை ரொட் முனைகள், சில்லு திரும்பும் அச்சாணியான கிங் பின்னுக்கு வெளியே, பிரேக் டிரம் இருக்குமிடத்திற்குப் போக வேண்டும். அங்கே இடமிருப்பது அரிது. அதைவிட, லேத் பட்டறையில் ஆம்களின் கூம்புத் துளையைப் பெரிதாக்கி, கூம்புப் புஷ் இட்டு, டை ரொட் முனைகளைக் கீழிருந்து பூட்டச் செய்தால் தண்டு தாழ்ந்து ரேடியஸ் ரொட்டிலிருந்து விலகும். ஆனால் அது சில்லு ரிம்மின் கீழ்விளிம்பை விடத் தாழக்கூடாது. டயரில் காற்றுப் போனால் தரையில் இழுபடுவது டை ரொட்டாக இருக்கக் கூடாது அல்லவா?

எஞ்சும் சிறு முட்டலை, கிங் பின் அருகிலுள்ள ஒடிப்புத் தடுப்பான்களைச் சரிசெய்து நீக்கலாம். ஸ்டியரிங் பொக்ஸின் உள்முனையைத் தடுப்பானாகப் பயன்படுத்துவது பொக்ஸை உடைத்துவிடும். எஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துகொள்ளவும் மறவாதீர்கள்.

கேள்வி (தெஹிவளை வாசகர்): முழு அச்சுள்ள எனது பழைய காரில், வீதியில் ஒரு சிறு குழி தட்டுப்பட்டாலே முன்சில்லுகள் இரண்டும் பயங்கரமாக நடுங்குகின்றன. நடுக்கத்தை அடக்கும் ஸ்டியரிங் டாம்பர் பூட்டலாமா?

பதில்: டாம்பர் நோயை மறைக்கும். கிங் பின் புஷ், டை ரொட் முனைகள், சில்லுச் சமநிலை ஆகியவற்றை முதலில் பாருங்கள். பிறகு காஸ்டரை (கிங் பின் பின்னோக்கிச் சாயும் கோணத்தை) இருபுறமும் அளந்து, 5 முதல் 7 பாகைக்குள் சமமாக வையுங்கள். டோ-இன் 3 மில்லிமீற்றர் அளவில் போதும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): மொரிஸ் மைனரின் முன்பக்கத்தைத் தாழ்த்த வில்லாக வேலை செய்யும் முறுக்குத் தண்டான டோர்ஷன் பாரைக் கழற்றி வேறு பல்லில் பூட்டினால் ஸ்டியரிங்கில் ஏதும் முட்டுமா?

பதில்: மைனரில் ரக் அண்ட் பினியன் (பற்சட்டமும் பற்சில்லும் கொண்ட) ஸ்டியரிங் என்பதால் குறுக்கே செல்லும் ட்ராக் லிங்க் இல்லை, சிறிதளவு தாழ்த்தினால் எதுவும் முட்டாது. அதிகம் தாழ்த்தினால் டை ரொட்கள் மேல்நோக்கிச் சரிந்து மேடுகளில் சில்லு திரும்பும். டயரும் உள் மட்காட்டில் உரசும். கைபோட்டதோடு சில்லைத் தாங்கித் திரும்பவிடும் மரையுள்ள கீழ் ட்ரனியனையும் கழற்றி அதன் மரையைப் பாருங்கள். கிரீஸ் காணாது தேய்ந்த மரை கழன்றால் சில்லு மடிந்து விழும். தாழ்த்திய மைனராயினும் தாழ்த்தாததாயினும், ட்ரனியனுக்குக் காலந்தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும்.