வேர்டு ஃபைலை டாக், டாக்எக்ஸ், ஓடிடி, பிடிஎஃப் இவற்றில் எதில் சேமிப்பது?

கேள்வியின் சுருக்கம்: வேர்டில் தமிழில் 40 பக்கம் அடித்தாயிற்று. வீட்டுக் கணினியில் ஒழுங்காக இருக்கிறது. பிரிண்ட் கடையில் திறந்தால் 43 பக்கம் ஆகிறது, சில பத்திகளில் எழுத்தே வேறாகத் தெரிகிறது. 'சேவ் ஆஸ்' பட்டியலில் இத்தனை வகை இருக்கிறதே, எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டு ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது டாக்எக்ஸ், கடைக்குப் போவது பிடிஎஃப். அந்த 43 பக்கக் குழப்பம் இதிலேயே தீர்ந்துவிடும். எழுத்து மாறுவது மட்டும் வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

பக்கம் ஏன் கூடியது? டாக்எக்ஸ் ஃபைலுக்குள் பக்கம் என்று ஒன்று கிடையாது. எழுத்தும், 'இந்தப் பத்திக்கு இந்த எழுத்துரு, இந்த அளவு, இவ்வளவு இடைவெளி' என்ற குறிப்புகளும்தான் இருக்கின்றன. வரி எங்கே மடிய வேண்டும், பக்கம் எங்கே முடிய வேண்டும் என்பதை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தந்தக் கணினி புதிதாகக் கணக்குப் போடுகிறது. அங்கே உங்கள் எழுத்துரு இல்லையென்றால் வேறொன்றைப் போட்டுக் கணக்கிடும். லதா என்ற எழுத்துருவில் அடித்ததை நிர்மலா என்ற எழுத்துருவில் காட்டினால் ஒரு வரிக்கு ஓர் எழுத்து முன்பின் ஆனாலே போதும், 40 பக்கத்தில் அது பெரிதாகத் தெரியும். பிடிஎஃப் அப்படியல்ல. ஒவ்வொரு எழுத்தும் தாளில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அதனால்தான் அச்சுக்கு அது சரி, திருத்துவதற்கு அது தொல்லை.

டாக்எக்ஸ் 2007 ஆபீஸோடு வந்தது. உண்மையில் அது ஒரு ஜிப் ஃபைல், அதாவது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாக்கிய பொதி. ஒரு நகல் எடுத்து அதன் எக்ஸ்டென்ஷனை (ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் பகுதியை) 'ஜிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள்: 'வேர்டு' என்ற ஃபோல்டருக்குள் எழுத்தெல்லாம் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலாகவும், படங்கள் 'மீடியா' என்ற ஃபோல்டரில் தனித்தனியாகவும் இருக்கும். ஃபைல் கெட்டுப்போய் வேர்டு திறக்க மறுக்கும்போது, பல சமயம் இந்த வழியில் படங்களையாவது மீட்டுவிடலாம்.

இப்படி மாற்றிப் பார்ப்பது வேறு, வடிவத்தை மாற்றுவது வேறு. பழைய டாக் ஃபைலின் பெயரில் ஓர் 'எக்ஸ்' சேர்த்துவிட்டால் அது டாக்எக்ஸ் ஆகிவிடாது. உள்ளே இருப்பது அதே பழைய கட்டமைப்புதான். பெயரும் உள்ளடக்கமும் பொருந்தவில்லை என்று வேர்டு பிழை காட்டும், விண்ணப்பத் தளங்கள் ஏற்காமல் போகலாம். சரியான வழி: வேர்டில் திறந்து எஃப்12 அழுத்துங்கள், 'சேவ் ஆஸ் டைப்' பட்டியலில் 'வேர்டு டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே பட்டியலில் 'ஸ்ட்ரிக்ட் ஓப்பன் எக்ஸ்எம்எல்' என்றும் ஒன்று இருக்கும். அதற்கும் அதே டாக்எக்ஸ் எக்ஸ்டென்ஷன்தான், ஆனால் சில மென்பொருள்கள் அதைச் சரியாகத் திறப்பதில்லை. தொடாதீர்கள்.

பழைய டாக் வடிவம் இன்று ஒரே ஒரு காரணத்துக்குத்தான் தேவை: வாங்குகிறவர் அதைத்தான் கேட்கிறார் என்றால். அப்போதும் கடைசி நிமிடத்தில் ஒரு நகலாக மட்டும் எடுங்கள். டாக் ஆக மாற்றும்போது வேர்டின் புதிய சமன்பாடுகளும் ஸ்மார்ட்ஆர்ட் படங்களும் திருத்த முடியாத படங்களாக இறுகிவிடும். 'ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், செக் கம்பாட்டிபிலிட்டி' என்று போனால் என்னென்ன போகும் என்பதை முன்கூட்டியே சொல்லும். டாக் ஃபைலுக்குள் மேக்ரோ (தானாக ஓடும் சிறு நிரல்) ஒளிந்திருக்க முடியும் என்பதால் சில அலுவலக மின்னஞ்சல்கள் அதைத் தடுக்கின்றன. டாக்எக்ஸில் மேக்ரோ இருக்காது. மேக்ரோ வேண்டுமென்றே வைத்திருப்பவர்கள் டாக்எம் என்று சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது காணாமல் போகும்.

இனி எழுத்து மாறும் விஷயம். இதில் முதலில் ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் அடித்தது ஒருங்குறியா (யூனிகோடு, தமிழ் தமிழாகவே பதிவாகும் முறை), அல்லது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவா? சோதிப்பது எளிது. ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியல் என்று மாற்றுங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் ஒருங்குறி. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறினால் பழைய எழுத்துரு. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் ஃபைலில் உண்மையில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் அது தமிழாகத் தெரியும். இதை டாக்எக்ஸில் சேமித்தாலும், லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளின் வடிவமான ஓடிடியில் சேமித்தாலும் பயன் இல்லை, தேடலிலும் சிக்காது.

இதற்கு எழுத்துரு மாற்றி வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் மூல எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து ஒருங்குறிக்கு மாற்றலாம். எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: ஆவணத்தில் நடுநடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக நினைத்துக் குதறிவிடும். ஆகவே ஒரு பாமினிப் பத்தியில் கர்சரை வைத்து, ஹோம் தாவலில் 'செலக்ட்' பட்டியலின் கீழ் ஒரே வடிவமைப்புள்ள எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும் வசதியைப் பயன்படுத்தி எந்தெந்தப் பகுதி பாமினி என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தை விட்டுவிட்டு அந்தப் பகுதிகளை மட்டும் பகுதி பகுதியாக மாற்றுங்கள். மாற்றியபின் 'ஸ்ரீ', 'க்ஷ', 'ஔ', கொம்பும் காலும் சேரும் எழுத்துகள் ஆகியவற்றைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியோடு டேஸ்16 என்ற முறையையும் தரமாக அறிவித்தது. அதில் அடித்த ஃபைலுக்கும் அதற்கான எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கட்டங்களே தெரியும். வெளியே அனுப்ப ஒருங்குறிதான் பாதுகாப்பு.

ஒருங்குறியில் இருக்கும் டாக்எக்ஸையே திருத்துவதற்காக ஒருவருக்கு அனுப்ப வேண்டியிருந்தால், எழுத்துருவை உள்ளேயே பொதிந்து அனுப்பலாம். 'ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ்' பக்கத்தின் அடியில் 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்' என்று இருக்கும். அதற்குக் கீழே, பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பொதிக்கும் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் புதிதாக ஓர் எழுத்தைச் சேர்க்கும்போது அது உள்ளே இருக்காது. சில எழுத்துருக்களின் உரிமம் பொதிக்க விடாது. அப்போது நிர்மலா யுஐ போன்று விண்டோஸோடு வருவதற்கு மாறுவதே வசதி.

பிடிஎஃப் எடுக்கும்போது 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' வழியாகப் போகாதீர்கள். அது இணைப்புகளையும் தலைப்பு அமைப்பையும் விட்டுவிடும். 'ஃபைல், எக்ஸ்போர்ட்' அல்லது எஃப்12 போட்டுப் பிடிஎஃப் தேர்ந்தெடுத்து, சேமிப்பதற்கு முன் 'ஆப்ஷன்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். தலைப்புகளிலிருந்து புக்மார்க் உண்டாக்கும் டிக்கைப் போடுங்கள். பத்திரம், ஆய்வேடு என்று பல ஆண்டு வைக்க வேண்டியதானால் 'பிடிஎஃப்/ஏ' டிக்கும் போடுங்கள். அது 2005இல் ஐஎஸ்ஓ 19005 என்ற சர்வதேசத் தரமாக வந்த வடிவம், பயன்படுத்திய எழுத்துருக்கள் எல்லாம் உள்ளேயே பொதிந்திருக்க வேண்டும் என்பது அதன் விதி.

இதற்கும் முன்பே 'லேஅவுட், சைஸ்' போய் ஏ4 என்று இருக்கிறதா பாருங்கள். அமெரிக்க அமைப்பில் நிறுவிய வேர்டு, லெட்டர் அளவில் திறக்கும். ஏ4 தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர், லெட்டர் அதைவிட அகலம், உயரம் குறைவு. கடைக்காரர் அதை ஏ4இல் பொருத்தி அடித்தால் ஓரங்கள் கோணலாக நிற்கும்.

'டிராக் சேஞ்சஸ்' (திருத்தங்களைப் பதிவு செய்துவைக்கும் வசதி) போட்டு வேலை செய்திருந்தால், 'நோ மார்க்அப்' என்று வைப்பது திருத்தங்களை மறைக்கும், அழிக்காது. டாக்எக்ஸை வாங்கியவர் ஒரு சொடுக்கில் நீங்கள் வெட்டிய வரிகளையெல்லாம் படித்துவிடலாம். அனுப்பும் நகலில் 'அக்செப்ட் ஆல்' கொடுத்து, 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' ஓட்டிவிடுங்கள்.

பிடிஎஃப் இருக்கிறதே என்று டாக்எக்ஸை அழித்துவிடாதீர்கள். தமிழுக்கு இது மிக முக்கியம். பிடிஎஃப் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கிறது. அதனால் 'கொள்கை' என்பதை நகல் எடுத்து ஒட்டினால் பல சமயம் கொம்பு முன்னால் தனியாகவும் ககரம் பின்னாலும் விழும். இதனாலேயே தேடினால் கிடைக்காது, வேர்டில் திரும்பத் திறந்தாலும் பிழை மலிந்திருக்கும்.

லிப்ரே ஆபீஸில் வேலை செய்கிறவர் கடைசிவரை ஓடிடியிலேயே சேமியுங்கள். கொடுக்கும் நேரத்தில் மட்டும் 'வேர்டு 2010–365' என்ற வகையில் ஒரு நகல் எடுங்கள். இரண்டு மென்பொருளுக்கும் இடையே டாக்எக்ஸாகவே பல முறை போய்வந்தால் எண்ணிட்ட பட்டியலும் டெக்ஸ்ட் பாக்ஸும்தான் முதலில் கெடும். ஓடிடி மட்டமான வடிவம் ஒன்றும் அல்ல: 2006இலேயே ஐஎஸ்ஓ தரம் ஆனது, திருத்தக்கூடிய அரசு ஆவணங்களுக்கு பிரிட்டன் 2014இல் தேர்ந்தெடுத்தது ஓடிடி அடங்கிய ஓடிஎஃப் வடிவக் குடும்பத்தைத்தான். தமிழுக்கு எழுத்துருவை மாற்றும்போது அங்கே சிக்கலான எழுத்துமுறைக்கான பகுதியில் மாற்ற வேண்டும். மேலே இருக்கும் ஆங்கிலப் பகுதியில் மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று திகைப்பவர்கள் பலர்.

கூகுள் டாக்ஸில் அடிப்பவர், 'டவுன்லோட்' பட்டியலில் டாக்எக்ஸ் எடுத்து ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டால் போதும். ஆர்டிஎஃப் என்ற பழைய வடிவம் வேண்டாம், படம் இருந்தால் ஃபைல் ஊதிவிடும். அதையே வழக்கமாகச் சேமித்துவந்த வேர்டுபேடையும் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். வெறும் எழுத்தாக, டிஎக்ஸ்டியாகச் சேமிக்கும்போது மட்டும் வேர்டு ஒரு பெட்டி காட்டும். அதில் 'விண்டோஸ் டிஃபால்ட்' என்று விட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும், திரும்பக் கிடைக்காது. 'அதர் என்கோடிங்' போய், ஒருங்குறியைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக அளவு. பதிவேற்றும் இடம் 2 எம்பிக்கு மேல் வாங்காது என்றால், பிடிஎஃப் சுருக்கும் தளங்களுக்குப் போவதற்கு முன் வேர்டிலேயே ஒரு படத்தைச் சொடுக்கி 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' கொடுங்கள். 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற டிக்கை எடுத்துவிட்டு 150 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி) தேர்ந்தெடுத்து, பெயர் மாற்றிச் சேமித்து, பிறகு பிடிஎஃப் எடுங்கள். அச்சுக்குப் போகும் நகலுக்கு இதற்கு நேர்மாறு: 'ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு' பக்கத்தில் படங்களைச் சுருக்காதே என்ற டிக்கை, படங்களை நுழைப்பதற்கு முன்பே போட்டுவைக்க வேண்டும். ஒருமுறை சுருக்கிச் சேமித்த படம் பழைய தெளிவுக்குத் திரும்பாது.