ஏணையில் எழுந்த பெண்: ஒரு செதுக்குப் படத்தை வகுப்பில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ஏணையில், அதாவது மரங்களுக்கிடையே கட்டிய தொங்கு படுக்கையில், இருக்கும் ஆடையற்ற பெண்ணை ஒரு ஐரோப்பிய மாலுமி எழுப்பும் பழைய செதுக்குப் படத்தைக் காட்டினேன். "இப்படி நடந்ததா சார்?" என்றார் ஒரு மாணவர். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எப்படித் தொடங்கியிருக்க வேண்டும்?

பதில்: நடக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பெண் ஒரு மனுஷி அல்ல, அமெரிக்கா என்ற கண்டம். எதிரே நிற்பவர் அமெரிகோ வெஸ்பூச்சி. படத்தை வரைந்தவர் யான் வான் டெர் ஸ்டிராட். இன்றைய பெல்ஜியத்தின் புருகேயில் பிறந்து, இத்தாலியின் பிளாரன்ஸில் அந்நகரை ஆண்ட மெடிசி குடும்பத்துக்காக வேலை செய்தவர். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட்வெர்ப்பில் தியோடோர் காலே அதைச் செம்புத் தகட்டில் செதுக்கினார். வெஸ்பூச்சி இறந்தது 1512இல். ஆக, நேரில் கண்ட சாட்சி யாரும் இதில் இல்லை.

நிர்வாணத்தை மறைக்கப் பார்க்காதீர்கள். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: வெஸ்பூச்சி ஏன் அந்த வெப்பத்தில் இத்தனை துணியைச் சுமந்துகொண்டு நிற்கிறார்? பிறகு ஒரு தாளால் வெஸ்பூச்சியை மறையுங்கள். இறகுத் தொப்பி அணிந்த ஒருத்தி ஏணையிலிருந்து எழுகிறாள், சுற்றிலும் விலங்குகள், மரத்தில் சாய்த்த கதாயுதம்; அவ்வளவுதான். தாளை எடுத்ததும் எல்லாம் மாறிவிடும். அவர் நிற்கிறார், இவள் அமர்ந்திருக்கிறாள். அவர் கையில் நட்சத்திரங்களை அளக்கும் அஸ்ட்ரோலேப், மறுகையில் சிலுவைக் கொடிக்கம்பு, பின்னால் கப்பல். ஒரு கண்டம் முழுவதும் இவர் வரும்வரை தூங்கிக்கொண்டிருந்தது என்ற பொய் அப்போதுதான் படத்துக்குள் நுழைகிறது. அந்த ஏணை மட்டும் உண்மை. அதற்கு ஐரோப்பியர் வைத்துக்கொண்ட 'ஹம்மாக்' என்ற பெயரே கரீபியத் தீவுகளின் டைனோ மொழியிலிருந்து போனதுதான்.

அடுத்து, கீழே உள்ள லத்தீன் வரி. அமெரிகோ அமெரிக்காவைத் திரை விலக்கிக் காட்டினான். ஒருமுறை அழைத்தான், அன்று முதல் அவள் விழித்தே இருக்கிறாள் என்பது அதன் சாரம். 1507இல் ஜெர்மானிய வரைபடவியலாளர் வால்ட்சீமுல்லரின் உலக வரைபடம் அமெரிகோவின் பெயரைப் பெண்பாலாக்கி நிலத்துக்குச் சூட்டியது. அழைத்தவன் சொன்ன பெயர் நிலைத்தது. அவள் தன்னை என்ன சொல்லி அழைத்துக்கொண்டாள் என்று வகுப்பில் கேளுங்கள். வரியில் பதில் இருக்காது.

"அதிகாரம்" என்று எழுதி அடிக்கோடிட்டு முடித்துவிடுவதுதான் இங்கே பலரும் செய்யும் அவசரம். யாருடைய அதிகாரம்? வெஸ்பூச்சி பயணம் செய்தது ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும். அவர் பிறந்த பிளாரன்ஸுக்கு அங்கே ஒரு பிடி நிலமும் கிடையாது. நிலம் கிடைக்காத ஊர், தன் மகனின் பெயரைக் கொண்டாடுகிறது என்றுதான் நான் இப்படத்தைப் படிக்கிறேன். 'நோவா ரெபெர்டா', அதாவது 'புதிய கண்டுபிடிப்புகள்' என்ற செதுக்குப் பட வரிசையில் ஒன்றுதான் இது; அந்த வரிசையில் வெடிமருந்தோடும் அச்சு இயந்திரத்தோடும் ஒரு கண்டமும் சேர்க்கப்பட்டது என்பதையும் சொல்லுங்கள்.

கடைசியாக நடுப்பகுதி. இரண்டு உருவங்களுக்கும் இடையே, தொலைவில், சிறியதாக, ஒரு மனிதக் காலை நெருப்பில் வாட்டுகிறார்கள். வெஸ்பூச்சியின் பெயரில் வெளியான கடிதம் ஒன்றில், கரையிறங்கிய இளைஞனை ஒருத்தி பின்னாலிருந்து அடித்துக் கொல்ல, பெண்கள் அவனை வாட்டித் தின்றதாக ஒரு கதை உண்டு. அக்கடிதத்தின் நம்பகத்தன்மை குறித்து வரலாற்றாசிரியர்களிடையே நெடுநாள் வாதம் நடக்கிறது. கதையை நினைவில் வைத்துக்கொண்டு மரத்தில் சாய்ந்திருக்கும் கதாயுதத்தை மறுபடி பாருங்கள். கைநீட்டும் அந்தப் பெண்ணை ஓவியர் முழுதாக நம்பவில்லை.

பாடநூலில் உள்ள சிறிய அச்சில் அந்தக் கால் தெரியாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பதிப்புரிமை இல்லாத படைப்புகளின் பெரிய படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. இறக்கிக்கொண்டு, திரையில் பெரிதாக்கிக் காட்டுங்கள்.