வாசகர் கேள்வி – பதில்: திரையில் கண்ட உடுப்பும் பொருளும்

கேள்வி (கல்லடி வாசகர்): ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் விண்கப்பலின் தலைவர் அணிந்த சீருடை என்று ஒன்று வெளிநாட்டில் விலைக்கு வந்திருக்கிறது. சான்றிதழும் உண்டாம். நம்பி வாங்கலாமா?

பதில்: சான்றிதழை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அதில் ஒப்பமிட்டவருக்கு அந்த உடுப்பு எப்படிக் கிடைத்தது என்பதே முதற்கேள்வி. தயாரிப்பாளரின் களஞ்சியத்திலிருந்து இன்றைய விற்பனையாளர் வரை கைமாறிய ஒவ்வொரு தடவைக்கும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். 2006 ஒக்ரோபரில் நியூயோர்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஸ்டார் ட்ரெக் பொருட்களை ஏலம் விட்டது. தொடரில் வரும் என்ரர்பிரைஸ்-டி விண்கப்பலின் மாதிரி 576,000 டொலருக்குப் போனது அங்கேதான். அந்த ஏலத்தில் எடுத்தது என்று சொன்னால் பட்டியல் இலக்கத்தைக் கேட்டு, பட்டியலில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது துணி. இத்தொடர் 1987 முதல் 1994 வரை ஓடியது. முதல் இரண்டு பருவங்களில் சீருடை உடலோடு ஒட்டிய, இழுபடும் ஸ்பான்டெக்ஸ் துணியில் ஒரே உருப்படியாகத் தைக்கப்பட்டது. மூன்றாம் பருவத்திலிருந்து முக்கிய ஆண் நடிகர்களுக்குக் கொலர் வைத்த, மேல் வேறு கீழ் வேறான கம்பளித் துணிச் சீருடை வந்தது. பின்னணியில் நடப்பவர்கள் பழைய துணியையே தொடர்ந்து அணிந்தார்கள். ஆகவே ‘ஐந்தாம் பருவத்தில் தலைவர் அணிந்தது’ என்று இழுபடும் துணியைக் காட்டினால் அது தலைவருடையதல்ல. துணை நடிகருடைய அசலாக இருக்கலாம், ஆனால் விலை வேறு.

காட்சியோடு பொருத்திப் பார்ப்பதற்கு உயர்தெளிவுப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட, பூப்போட்ட சேர்ட் என்றால் வேலை சுலபம். பையின் விளிம்பிலும் முன்பட்டியிலும் கோடு எந்த இடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரே துணியில் தைத்த இரண்டு சேர்ட்டுகளில் அந்த இடம் ஒன்றாக அமைவது மிக அரிது. ஒற்றை நிறச் சீருடையில் அந்த உதவி இல்லை. தையல் வளைவு, சின்னம் குத்திய துளைகள், உள்ளே தைத்த பெயர்ப்பட்டி ஆகியவையே மிச்சம். ஒரு பாத்திரத்துக்குப் பல பிரதிகள் தைப்பார்கள், சண்டைக் காட்சியில் பதிலாக நடிப்பவருக்கும் தைப்பார்கள். அளவு நடிகருக்குப் பொருந்துகிறதா என்று அளந்து பாருங்கள்.

கேள்வி (காத்தான்குடி வாசகி): வாங்கிய சேர்ட்டின் கொலரில் ஒப்பனைப் பூச்சும் வியர்வைக் கறையும் இருக்கின்றன. கழுவலாமா? மாரியில் பூஞ்சணம் பிடிக்காமல் எப்படி வைப்பது?

பதில்: கழுவாதீர்கள், ட்ரை கிளீனிங்குக்கும் கொடுக்காதீர்கள். அந்தப் பூச்சும் கறையும்தான் சேர்ட்டின் சாட்சி. இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய சலவைத் தூள்களில் வெண்மையூட்டும் பொருள் கலந்திருக்கும்; புறஊதா விளக்கில் அது நீலமாக ஒளிரும். பழைய துணியில் பிற்காலத்து நூலையோ பட்டியையோ கண்டுபிடிக்க அந்த விளக்கைத்தான் பிடிக்கிறோம். ஒருமுறை கழுவினால் சேர்ட் முழுவதும் ஒளிர்ந்து அந்தச் சோதனை பயனற்றுப்போகும். பழைய மினுக்குச் சில்லுகளில் ஜெலற்றினால் செய்தவையும் உண்டு, அவை தண்ணீரில் கரைந்துவிடும்.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், காற்று உலர்ந்திருக்கும் நேரம் பார்த்து, நிழலில் தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். மாரி தொடங்குமுன் பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஈரத்தோடு மூடினால் மூடியே கேடு செய்யும். கம்பி ஹங்கரில் தொங்கவிட்டால் தோள் இழுபட்டுக் கிழியும். கஞ்சி போகக் கழுவிய வெள்ளைப் பருத்தித் துணியைச் சுருட்டி ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் வையுங்கள். 50 லீற்றர் பெட்டிக்கு ஒரு கிலோ சிலிக்கா ஜெல் துணிப்பையில் போட்டு, சிறிய ஈரமானி ஒன்றையும் உள்ளே வையுங்கள். 45 முதல் 55 சதவீதம் நல்லது. 65ஐத் தாண்டினால் பூஞ்சணம் தொடங்கும். 40க்குக் கீழே இறங்கினால் ஜெல்லில் கொஞ்சத்தை வெளியே எடுங்கள். செம்மஞ்சள் ஜெல் பச்சையானால் ஈரம் ஏறிவிட்டது. 110 பாகையில் இரண்டு மூன்று மணித்தியாலம் சூடாக்கினால் மீண்டும் உதவும். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் வீட்டுக்கு வேண்டாம். நப்தலீன் உருண்டையும் வேண்டாம், சிலவகைப் பிளாஸ்டிக் பொத்தான்களை அது இளக்கிவிடும். வாவிக் காற்றில் கொளுக்கிகள் துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும். இடையில் பொலியெஸ்ரர்த் தாள் ஒன்றைச் செருகுங்கள்.

பூச்சி வெட்டு இருந்தால், பொலித்தீனில் காற்றை வெளியேற்றி அடைத்து, −18 பாகை டீப் பிறீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் குளிர்ந்த துணியில் நீர் படியும்.

கேள்வி (கல்முனை வாசகர்): நுரை இறப்பர் முகமூடி பொடிபொடியாக உதிர்கிறது. நிறுத்த வழி உண்டா?

பதில்: முற்றாக நிறுத்த முடியாது. வெளிச்சமும் வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் அதை அரிக்கின்றன; வேகத்தைத்தான் குறைக்கலாம். இருட்டில், குளிர்ந்த இடத்தில், உட்புறத்தைத் துணியால் தாங்கி வையுங்கள். செம்பு, பித்தளை அதில் படக்கூடாது. எண்ணெய் பூசுவது இறப்பரை இன்னும் ஊதவைக்கும்.

கேள்வி (கொக்கட்டிச்சோலை வாசகர்): தொலைக்காட்சிக்காகப் பதிவான வடமோடி என்னும் மரபுக் கூத்தொன்றில் அணிந்த, வளையம் வைத்த கரப்புடுப்பும் தலையில் வைக்கும் மர முடியும் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கூத்துடுப்பு ஊருக்கோ கோயிலுக்கோ பொதுவாக இருக்கலாம். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரைக் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம். அடுத்த கூத்துக் களரிக்கு அவர்களுக்கே தேவைப்படுமென்றால் வாங்காமல் படமும் அளவும் எடுத்துக்கொண்டு வருவதே சரி.

வாங்கினால், முடியின் மரத்தை முதலில் கவனியுங்கள். கறுப்புக் கடதாசியின் மேல் ஒரு வாரம் வையுங்கள். புதிதாகத் தூள் விழுந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது. மற்றப் பொருட்களிலிருந்து உடனே பிரித்து பொலித்தீனில் அடையுங்கள். மண்ணெண்ணெய் பூசினால் வர்ணம் கிளம்பும். வர்ணமும் கண்ணாடித் துண்டும் ஒட்டிய முடியைப் பிறீசரிலும் வைக்க வேண்டாம். துணிக்கு நல்லதென்று சொன்ன கச்சான் காற்று முடிக்கு ஆகாது, மரம் திடீரென்று உலர்ந்து வெடிக்கும். கரப்புடுப்பின் வளையங்களை மடக்கவும் அடுக்கவும் கூடாது; உள்ளே தாங்கல் கொடுத்து நிமிர்த்தியே வையுங்கள்.

எந்தப் பாத்திரம், யார் கட்டினார், எப்போது பதிவானது என்பவற்றை அண்ணாவியாரிடம் கேட்டு வெள்ளைத் துணிநாடாவில் எழுதி, உட்புறத்தில் இரண்டு தளர்ந்த தையலால் பிடித்துவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மாரி ஈரத்தில் உடுப்புக்கு ஊறிவிடும்.